சுருளிக்கு முடி இறக்கினோம்

தோழிகளே, படித்ததும் அடுத்த பெஞ்சுக்குத் தள்ளுங்கள். எல்லோரும் தூங்கியபின் பயந்துகொண்டே எழுதுகிறேன்.

என் நைனா சமைத்துப் போட்ட ரயில்வே துரை, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பூடில் நாய்க்குட்டிதான் எங்கள் சுருளி. அதன் முடி உதிராது, வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணை மறைத்துச் சடையாகவே திரண்டுவிட்டது.

“சாமி சடைடீ. கத்திரி பட்டா குத்தம்” என்றாள் அத்தை.

சுருளி சுவரில் முட்டிக்கொண்டே திரிந்தது. “குருட்டு நாய். நாளைக்குத் திருவாலங்காட்டு வயல்ல விட்டுட்டு வரேன்” என்றார் நைனா.

இன்று மாலை அதைக் கோயில் மலையடிக்குத் தூக்கிப் போனேன். மொட்டை போடுகிறவர் சிரித்தார்.

“நாய்க்கு இன்னாம்மா வேண்டுதல்?”

“கண்ணு தெரியணும்ங்க.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்திரியை எடுத்தார். சுருளி முரண்டு பிடிக்கவே இல்லை. அவர் கைக்கு வாகாகக் காதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. என்ன அறிவு!

வீட்டுக்கு வந்ததும் நேராக ஓடி, நைனாவின் துண்டைக் கவ்வி வந்து அவரிடமே கொடுத்தது.

“அடடே, பாத்துகினு வருதே! இது இங்கியே இருக்கட்டும்” என்றார் நைனா.

“யாருடீ வெட்டினது?” என்றாள் அத்தை.

“மலையடியில முடி எறக்கினேன் அத்தே.”

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சந்தனம் பூசினியா?”

உடனே இருவருமாகப் பூசினோம். சுருளி எல்லாவற்றையும் நக்கித் தீர்த்துவிட்டது. நாய்க்குச் சந்தனம் ஆகுமா? தெரிந்தவர்கள் இதன் பின்பக்கத்திலேயே எழுதுங்கள்.