நான் விடச் சொன்ன பெயர்

செவ்வாய்க்கிழமை காலை காரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நேசன் அண்ணையின் மகள் ஷாமினியின் அழைப்பு வந்தது. “சித்தப்பா, அப்பா போயிட்டார். தேத்தண்ணி குடுக்கப் போனன், எழும்பேல்லை” என்றாள். இரத்த உறவில்லை; என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. மீதிப் பனியையும் தள்ளி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

மொன்றியலில் நம்மில் பலருக்கு அவர் வெறும் நேசன் அண்ணை. மட்டக்களப்பார். தேவாலயப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்றுகொண்டு முன் வரிசையின் குரலையெல்லாம் விழுங்கிவிடுபவர். கலியாண வீடுகளில் வாழ்த்திப் பேசக் கூப்பிட்டால் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வழிவிடுபவர். அதற்காகவே எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். அவருடைய முழுப்பெயர் அருள்நேசன் வின்டர்போர்ன் என்பது மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்திருக்கிறது. “இதென்ன வெள்ளைக்காரன்ர பேர்?” என்று நாலைந்து பேர் என்னிடமே கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட மடையன் நான்தான்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் ஓடும் என்பதால் புதிதாக வருகிறவர்களின் அகதிப் படிவங்களை நிரப்பும் வேலை என்னுடையதாயிற்று. இரண்டு வருடம் முந்தி வந்த திமிரில் என்னை ஒரு அப்புக்காத்து, பெரிய வக்கீல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நேசன் அண்ணை யாரோ ஒருவருடைய பாஸ்போட்டில் வந்து, அதையும் ஏஜென்சிக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அவர் வாயால் சொல்வதுதான் பெயர்.

“குடும்பப் பேர்?” என்று கேட்டேன்.

“வின்டர்போர்ன்.”

பேனையைக் கீழே வைத்தேன். “பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“பகிடி இல்ல தம்பி. நாலு தலைமுறையா எங்கட பேர் அதுதான்.”

பிறகு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் இங்கிலாந்தில் யாராவது ஒரு குடும்பம் பணம் அனுப்பும். ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்கு அந்தக் குடும்பத்தின் பெயரையே வைப்பார்கள். முகம் தெரியாத ஒரு வின்டர்போர்ன் அனுப்பிய காசில் நேசன் அண்ணையின் பூட்டன் படித்து வாத்தியார் ஆனார்.

“இங்கிலீஸ் பேரோட போய் நான் தமிழன், என்னை ஆமி தேடுது எண்டா ஒபிசர் சிரிப்பான்” என்றேன். “இந்தப் பேரை விடுங்கோ. எங்களைப் போல தகப்பன்ர பேரைக் கடைசிப் பேரா எழுதுங்கோ.”

“வேணாம் தம்பி. பூட்டனுக்குச் சோறு போட்ட பேர். அதை விட்டா நான் ஆரெண்டு கேப்பாங்க.”

“ஒருத்தரும் கேக்க மாட்டினம். நான் சொல்லுறன்.”

“நீ படிச்சவன். எழுது” என்றார். அவருடைய தகப்பனின் பெயரான தம்பிமுத்து என்பதை எழுதினேன். யாழ்ப்பாணத்து இந்து வீட்டில் பிறந்த எனக்கு அதுதான் பெயர் எழுதும் முறை. வேறு முறை ஒன்று இருக்கக்கூடும் என்று யோசிக்கவே இல்லை.

அகதி வழக்கு வென்றது. “பாத்தீங்களே அண்ணை” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவரும் சந்தோஷமாக மனைவி கிறேஸையும் மகள் ஷாமினியையும் கூப்பிட விண்ணப்பித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கலியாணச் சான்றிதழிலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் இருந்த ஆள் வின்டர்போர்ன். மொன்றியலில் இருந்த ஆள் தம்பிமுத்து. இந்தப் பெண் வேறொருவரின் மனைவி, வின்டர்போர்னும் தம்பிமுத்துவும் ஒருவரே என்று நிரூபியுங்கள் என்று கடிதம் வந்தது. சத்தியக் கடதாசி கொடுத்தோம். போதாது என்றார்கள்.

அப்போது அவர் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் மெட்ரோ நிலையத்துத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பெயரில் நகரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடியிருக்கிறார். ஒரே ஒருவர் இருந்தார், கர்க்லாண்டில். இப்படி ஒரு பெயர் உண்டென்று சாட்சி சொல்வாரா என்று கேட்க, அவரே தட்டுத்தடுமாறித் தொலைபேசியில் பேசிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். கதவைத் திறந்த வயதான வெள்ளைக்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தொலைபேசியில் பேசிய வின்டர்போர்ன் யார்?” என்று கேட்டார். நேசன் அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

அந்த அம்மாதான் தேநீர் தந்து பெயரின் கதையைச் சொன்னார். தென் இங்கிலாந்தில் சில ஓடைகள் கோடையில் வறண்டு கிடந்து குளிர்கால மழைக்குப் பிறகே ஓடுமாம். அவற்றைத்தான் வின்டர்போர்ன் என்பார்களாம். அப்படி ஓர் ஓடைக்கரை ஊரில் இருந்தவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. நான் மொழிபெயர்த்ததும் நேசன் அண்ணை, “மாரியில மட்டும் ஓடுற ஓடையா? எங்கட பக்கத்தில எல்லா ஓடையும் அப்படித்தானே!” என்றார்.

இங்கிலாந்திலேயே அது அரிதான பெயர், கணவரும் போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை, இந்த நாட்டில் அது தன்னோடு முடிந்துவிடும் என்றார் அந்த அம்மா. “அவவுக்குச் சொல்லு தம்பி” என்றார் நேசன் அண்ணை. “எங்கட தெருவில நிண்டு வின்டர்போர்ன் எண்டு கூப்பிட்டா வீட்டுக்கு ஒராள் எட்டிப் பாப்பாங்க.” அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எங்களுக்காகக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில் நேசன் அண்ணை சொன்னார்: “அவவுக்குப் பேர் இருக்கு, ஆக்கள் இல்ல. எனக்கு ஆக்கள் இருக்கு, கடதாசியில பேர் இல்ல.” நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் கைகொடுத்தது. அவர் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. போதகர் அனுப்பிய பிரதிகளில் இரண்டு, போருக்குள் எங்கோ தொலைந்து, மூன்றாவதுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் விசா வந்தபோது கிறேஸ் அக்கா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரடங்கு நேரத்தில் மூச்சிழுப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் கிடைக்கவில்லை.

ஏழு வயது ஷாமினி விமானப் பணிப்பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தனியே மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். அன்று காருக்குள் வைத்து, “அண்ணை, அந்தப் படிவம்...” என்று தொடங்கினேன். “பிள்ளை நித்திரை. மறுகா கதைப்பம்” என்றார். மறுகா என்றால் மட்டக்களப்பில் பிறகு என்று அர்த்தம். குடியுரிமை எடுத்தபோது வின்டர்போர்னையும் திருப்பி எடுத்துக்கொண்டார். அப்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

போன சனிக்கிழமை தேவாலயத்தில் ஷாமினி பேசினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து வாசித்தாள். “அப்பா அவசரத்தில தன்ர பேரைப் பிழையா எழுதினதாலதான் அம்மா வர ஏலாமப் போச்சு எண்டு எனக்குப் பதினைஞ்சு வயசில சொன்னார். நான் ஒரு வருசம் அவரோட கதைக்கேல்லை. அதுக்கு இண்டைக்கு மன்னிப்புக் கேக்கிறன்” என்றாள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அந்த ஒரு வருடம் எனக்கு நினைவிருக்கிறது. அவள் எங்கள் வீட்டில்தான் வந்து சாப்பிடுவாள். பிழையை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்; இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சித்தப்பாவை அவளிடமிருந்து பறிக்க நேசன் அண்ணைக்கு மனம் வரவில்லை. எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஷாமினி, அந்தப் பெயரை விடச் சொன்னவன் நான். படிவத்தில் எழுதிய கையும் என்னுடையது. அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. எனக்காக அவர் சுமந்த பழியை இனி நான் எடுத்துக்கொள்கிறேன்; அது என்னுடையது. நீ இனி யாரோடாவது பேசாமலிருப்பதானால் என்னோடு பேசாமலிரு. அப்பாவோடு பேசு.