கிரேன்காரி குட்ருனின் கழுத்து

ஆர்ஹூஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவள் குட்ருன். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. பத்தொன்பது வருடம் அப்படிக் குனிந்தே பார்த்தாள். கப்பலடியில் நின்று வயர்லெஸ்ஸில் அவளுக்குக் குறிப்பு சொல்கிறவன் நான், ட்ரோல்ஸ்.

ஐம்பத்திரண்டாம் வயதில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டாள். கழுத்துப்பட்டை மாட்டினாள்; மூன்று வாரத்தில் கழுத்து இன்னும் விறைத்துப்போனதுதான் மிச்சம். ஸ்கேன் பார்த்த டாக்டர், வயதுக்கு உண்டான தேய்மானம்தான், கை மரத்துப்போகவில்லை, பலமும் குறையவில்லை, ஆபரேஷனுக்கு அவசியமே இல்லை என்றார்.

குட்ருனுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் கோபம் வந்தது.

“வெட்டி எடுக்க ஒண்ணும் இல்லையாம்டா. அப்போ எனக்கு வலிக்கிறது பொய்யா?” என்று சாப்பாட்டு அறையில் என் மேல் பாய்ந்தாள்.

“என்னை ஏன் கடிக்கிற? நானா ஸ்கேன் எடுத்தேன்?” என்றேன்.

டாக்டர் அவளை விபெகெ என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பியிருந்தார். விபெகெ கழுத்தை அழுத்தி நீவிவிட்டாள். இரண்டு நாள் சுகமாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி.

“என் கை குடுக்கிற சுகம் அவ்வளவுதான் நிக்கும். தோளும் கழுத்தும் பலமாகணும், அதுக்குப் பயிற்சி வேணும். நிறைய பேருக்கு வலி குறையுது, சிலருக்குக் குறையறதில்லை. உங்களுக்கு எப்படின்னு செஞ்சு பார்த்தாதான் தெரியும்” என்றாளாம்.

இரண்டு கையிலும் எடையைப் பிடித்துத் தோளைத் தூக்கி இறக்க வேண்டும், வாரம் மூன்று நாள். முதல் வாரமே வலி கூடியது. குட்ருன் போனில் கத்தினாள்.

“பல்லு தேய்க்கக்கூடக் கையைத் தூக்க முடியலை. ஆளை விடுங்க!”

“எடையைப் பாதியாக்குங்க. நாளைக்கு நான் உங்க கிரேனைப் பார்க்க வரலாமா?” என்றாள் விபெகெ.

வந்தாள். லிஃப்ட் நின்ற இடத்துக்கு மேல் இரும்பு ஏணி. விபெகெவுக்கு உயரம் என்றால் பயம் என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். இருக்கையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கீழே பார்த்தாள்.

“எப்பவும் இப்படியேவா?”

“பின்னே, பெட்டி வானத்துலயா இருக்கு?” என்றாள் குட்ருன். ஆனால் குரலில் சூடு இல்லை. தன் கழுத்துக்காக இன்னொருத்தி இவ்வளவு உயரம் நடுங்கிக்கொண்டு ஏறி வந்தது அவளை என்னவோ செய்திருந்தது.

இறங்கிய கையோடு விபெகெ எங்கள் மேற்பார்வையாளரிடம் பேசினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறலாம் என்று முடிவானது. மாறுகிற நேரம் வந்தால் நான் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவேன்.

“அம்மணி, தோளைத் தூக்கு!”

“நீ முதல்ல உன் தொப்பையைத் தூக்கு!”

கப்பல்துறை முழுக்கச் சிரிப்பு கேட்கும்.

ஆறு வாரம் பெரிய மாற்றம் இல்லை. “சும்மா தூக்கிட்டிருக்கேன்” என்று அலுத்துக்கொண்டாள், ஆனாலும் நிறுத்தவில்லை. ஒன்பதாவது வாரம் ஒரு காலை நான் சைக்கிளில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஒரு வருடமாகத் திருப்பத்தில் இறங்கி, உடம்போடு திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு இறங்கவில்லை. சாதாரணமாகத் தலையைத் திருப்பி, என்னைப் பார்த்து, “வழி விடுடா!” என்று கையை நீட்டித் திரும்பினாள். பத்தடி போன பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை விபெகெவுக்கு ஒரு கேக், எங்களுக்கு ஒரு கேக் சுட்டு எடுத்துவந்தாள். “நீங்க கிண்டல் பண்ணலைன்னா நான் பாதியிலேயே விட்டிருப்பேன்” என்று ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தாள். எனக்கு மட்டும் பெரிய துண்டு.

வலி அடியோடு போய்விடவில்லை. குளிர்காற்று வீசும் வாரங்களில் எட்டிப்பார்க்கும். அப்போது எடையைக் குறைத்துக்கொள்வாள், கொஞ்சம் நடப்பாள். நாலைந்து நாளில் அடங்கிவிடும். முன்பிருந்த பயம் இப்போது அவளிடம் இல்லை.