காசுக்குத் தைக்கிறவர்களுக்கு இல்லை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. அக்காளுக்கும் அவள் புருஷன் மாமாவுக்கும் நடுவில் குடியிருந்த தம்பிக்காரன் பிழைப்பும் அதுதான்.

அக்காள் தையல்காரி. அவளுக்காகத்தான் அவனும் மாமாவும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். அளவைக் கொடுத்தால் சட்டைக்குத் துணி வெட்ட வேண்டிய படத்தைத் தாளில் அச்சடித்துத் தரும். உடம்புப் பகுதி தம்பி எழுதியது, கைப் பகுதி மாமா எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டார்கள். எவனோ ஒரு வியாபாரி தன் பெயரை ஒட்டி விற்றான். மாமாவுக்கு வயிறு எரிந்தது. 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை' என்று, யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தில் ஒரு வரி சேர்த்தார். தம்பியும் தலையாட்டித் தொலைத்தான்.

தையல்காரர் சங்கத்தை அக்காள்தான் பேசிப் பேசி இழுத்தாள், எல்லாக் கடையிலும் இதைப் போட. செயலாளர் உரிமத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாராம்: "ஏம்மா, நாம எல்லாரும் காசுக்குத்தானே தைக்கிறோம்?"

வீட்டுக்கு வந்தவள் கழுத்து டேப்பை உருவி மேசையில் எறிந்தாள்.

"உங்க சட்டப்படி இந்த வீட்டுல மொத திருடி நான்தான். பிடிச்சுக் குடுங்க."

"உன்னை யாருடி சொன்னா? விக்கிறவனைச் சொன்னேன்."

தம்பி மெல்ல வாயைத் திறந்தான். "மாமா, ஃப்ரீ சாஃப்ட்வேர்னா இலவசம்னு இல்ல, யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம்னு அர்த்தம்; விக்கிறதைத் தடுக்க முடியாது. ஆனா, விக்கிறவன் நாம எழுதின சோர்ஸ் கோடு மொத்தத்தையும் இதே உரிமையையும் சேர்த்தே குடுக்கணும்னு கட்டுப்போட லைசென்ஸ் இருக்கு. மூடி வெச்சு ஏமாத்த முடியாது."

"ஆனா நம்ம உழைப்பை வித்துத் தின்னலாம். அப்படித்தானே மாப்ள?"

"விக்கலாம்..."

"அப்ப முடியாது."

எழுதியவர் இருவர். ஒருவர் மாட்டேன் என்றால் உரிமம் அசையாது.

"உன் பங்கை மட்டும் குடுடா," என்றாள் அக்காள்.

"கை இல்லாத சட்டைதான் வரும்க்கா."

"கையையும் நீயே எழுது."

"அவர் எழுதினதைப் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிடுச்சு. நான் எழுதினாலும் அதேதான் வரும். காப்பின்னு சொல்லுவார்."

"சொல்லுவேன்," என்றார் மாமா, திரும்பாமலே. பிறகு, "சாப்பாடு உண்டா?"

"உண்டு. நான் கூலிக்குச் சமைக்கல, பயப்படாமத் தின்னுங்க."

அக்காள் கணினியை அணைத்து, ஓரமாகத் தள்ளி, அந்த மேசையிலேயே துணியை விரித்தாள். சாக்பீஸால் கை வளைவைப் போட்டாள். தம்பி எழுந்து போகப் பார்த்தான். ஒரு பக்கம் மாமாவின் நாற்காலி வழியை அடைத்துக் கிடந்தது. மறுபக்கம் துணி அவன் மடி வரைக்கும் வழிந்திருந்தது.

"சும்மாதானே உக்காந்திருக்க, இந்த முனையைப் பிடி," என்றாள்.

பிடித்தான்.