மடி என்னுடையது

வயிற்றெரிச்சலை மறைக்கத் தெரியாதவன் நான். என் தங்கை மகளுக்குக் காது குத்திய வருஷம் முழுவதும், டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே என் முகம் சுருங்கிப்போகும்.

கன்னடச் சீமையில், ஜோகுபாளையத்தில் ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் நான், இன்னொன்றில் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு நான்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் மாதமே, காது குத்துக்குப் போட வேண்டிய கம்மலை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். காது குத்தும்போது குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

எட்டாம் மாதம் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. வெறும் மாந்தம் என்று சொன்னவன் நான். கற்பூரத் தைலம் தேய்த்து, தர்காவில் மந்திரித்து, இரண்டு நாளை வீணாக்கியவனும் நானே. மூன்றாம் நாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்ததும் மாப்பிள்ளை ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். அவர் கன்னடக்காரர், அல்சூர்ப் பக்கம் சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தார். நான் செய்ததையெல்லாம் கேட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பென்சிலின் ஊசி போட நாளுக்கு மூன்று தடவை சைக்கிளில் வந்தார். ஐந்தாம் நாள் குழந்தை கண் திறந்து பால் குடித்தது. தங்கை அவர் காலில் விழுந்தாள்.

"டாக்டரய்யா, இவளுக்குக் காது குத்தறப்போ நீங்கதான் மடியில வெச்சுக்கணும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஆகட்டும் என்று தலையசைத்தார். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்த தங்கை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நன்றி சொல்ல வெற்றிலை பாக்கு பழம் இல்லையா? என் மடியைத் தூக்கிக் கொடுத்துத்தான் நன்றி சொல்ல வேண்டுமா?

அதன்பின் வீட்டில் எதற்கெடுத்தாலும் டாக்டரய்யாதான். குழந்தை தும்மினால் அவர் பேச்சு, சிரித்தால் அவர் கைராசி. நான் ஊதுகுழல் வாங்கி வந்தால் அதைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகே குழந்தையிடம் தருவாள், டாக்டரய்யா சொன்னாராம். ஊதுகுழலுக்குப் பதில் என்னையே கொதிக்கப் போட்டதுபோல் இருக்கும்.

பதினோராம் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் காது குத்துவதென்று முடிவாயிற்று. டாக்டரை அழைக்கத் தட்டுடன் என்னையே அனுப்பினாள் தங்கை. டிஸ்பென்சரியில் கூட்டம். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"பதினோரு மணிக்கு வந்தா போதும் சார்" என்றேன். நாக்கு குழறவே இல்லை.

அன்று பத்தேகால் வரை தங்கை வாசலிலேயே நின்றாள். ஆசாரி ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கோ அந்த மடிச் சூட்டில் உலகமே என்னுடையது. ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

சரியாகப் பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். கோட்டும் பேன்ட்டும் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததில்லை. அன்று சரிகைக்கரை வேட்டி, தோளில் துண்டு. தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தயாராக வந்திருந்தார். கையில், மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்துக் கிலுகிலுப்பை. குழந்தை காதில் கம்மலோடு என் மடியில் விசும்பிக்கொண்டிருந்தது.

"ஒன்பது மணிக்குன்னு எங்கண்ணன் சொல்லலீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். குழந்தையைச் சுற்றியிருந்த என் கைகளையும் பார்த்தார்.

"சொன்னார்மா, ஒன்பதுன்னுதான் சொன்னார். ஒந்து, ஒரு கேஸ் வந்துடுச்சு. தப்பு என்னோடது" என்றார்.

கிலுகிலுப்பையைக் கொடுத்து, காதுமடலைத் தொட்டுப் பார்த்து, ஊசியைக் கொதிக்க வைத்தீர்களா என்று ஆசாரியிடம் விசாரித்து, இரண்டு வாய் பாயசம் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் சைக்கிள் வரைக்கும் பின்னால் போனேன். மன்னிப்பு கேட்பதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் சைக்கிள் சீட்டைத் துடைத்துக் கொடுத்தேன்.

"மடி உங்களுது. முன்னாடியே சொல்லியிருந்தா நானே தங்கச்சிகிட்ட பேசியிருப்பேனே" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ காய்ச்சலுக்கு அவரிடமே ஊசி போட்டுக்கொண்டேன். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. எனக்காக அவர் சொன்ன பொய்யைத் தங்கையிடம் இன்றுவரை மறைத்தே வைத்திருக்கிறேன். மானம் போகும் என்று பயந்து அல்ல. தெரிந்தால் அவள் அவரை இன்னும் ஒரு படி உயரத்தில் வைத்துவிடுவாள். அது எனக்குப் பொறுக்காது.