ஆட்சேபணையுடன் கொடுத்த வைக்கோல்

குத்தகை பேசியபோது நெல்லைப் பற்றி மட்டும்தான் பேசினோம். வைக்கோல் எப்போதும் சாகுபடி செய்கிறவனுக்கு. என் இரண்டு மாடுகளும் அதை நம்பித்தான் இருந்தன. இந்தச் சம்பா அறுவடையில் நிலத்துக்காரரின் காரியஸ்தர் வந்து, வைக்கோலும் அவர்களுடையது என்றார். மறுத்தால் அடுத்த போகத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது. பேசாமல் கொடுத்தால் அதுவே மாமூலாகிவிடும். பிறகு எந்த வருஷமும் கேட்க முடியாது.

தஞ்சாவூரில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"கொடுத்துடுங்க. ஆனா சும்மா கொடுக்காதீங்க. கையெழுத்துக்கு மேல, உரிமையை விடாம ஆட்சேபணையோட கொடுக்கிறேன்னு எழுதுங்க" என்றார்.

கொடுத்துக்கொண்டே விடாமலிருக்க ஒரு வழி உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஊர் திரும்பும்போது, பூதலூரில் இறங்கும்வரை, சந்தோஷத்தில் ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை.

மறுநாள் வைக்கோல் கட்டுகளை ஏற்ற டிராக்டர் வந்து நின்றது. வைக்கோலைக் கொடுத்ததற்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் காரியஸ்தர் நீட்டினார். டிரெய்லர் பலகையில் வைத்து, வக்கீலம்மா சொன்ன வரியை எழுத ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. ஒவ்வோர் எழுத்தாகத்தான் போகும்.

"என்னண்ணே, மாமியார் வீட்டுக்குக் கடுதாசியா?" என்றார் டிராக்டர்காரர்.

"இருங்க தம்பி. அவரு வாயால சொல்றதை விட இதுவே வேகம்" என்றாள் என் மனைவி.

காரியஸ்தர் படித்துவிட்டு, "இந்த வரிய அடிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க" என்றார்.

"அடிக்க மாட்டேங்க. வைக்கோல் இந்தா இருக்கு, ஏத்திக்கங்க. வரியும் அதோட வரும்."

அவரிடம் இவ்வளவு நான் பேசியதே இல்லை. காது சுட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தால் அல்ல.

அவர் நிலத்துக்காரருக்குப் போன் போட்டு, நான் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கோர்ட்டுக்குப் போகப் போறியாப்பா?"

"இல்லீங்கய்யா. அடுத்த குத்தகை பேசுறப்ப வைக்கோலையும் பேசணும். அதுவரைக்கும் இது மாமூல் ஆகிடக் கூடாதுங்க."

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. நனைந்த வைக்கோல் யாருக்கும் ஆகாது. "மழை வர்ற மாதிரி இருக்குங்கய்யா" என்றார் காரியஸ்தர் போனில்.

"எழுதினது இருக்கட்டும், வாங்கிக்க" என்றார் நிலத்துக்காரர், காரியஸ்தரிடம். பிறகு என்னிடம், "சித்திரையில வர்றேன், பேசுவோம்."

வைக்கோல் போய்விட்டது. இந்த வருஷம் மாடுகளுக்கு மைத்துனர் வீட்டில்தான் கேட்க வேண்டும். ஆனாலும் வரப்பில் என் கால் துள்ளித்தான் நடந்தது.

"சித்திரையிலயும் இப்படிப் பேசுவீங்களா?" என்றாள் மனைவி.

"பேசுவேன்."

"எங்க, சொல்லிக் காட்டுங்க."

நடந்துகொண்டே, சத்தமாகவே, சொல்ல ஆரம்பித்தேன்.