தெய்வசிகாமணியின் புதிய முன்பற்கள்

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் தெய்வசிகாமணி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் அவர் பேச எழுந்தால், வண்டியைக் கிளப்பியவனும் அணைத்துவிட்டு நிற்பான். இப்பேர்ப்பட்ட வாய்க்குத்தான் சேதம் நேர்ந்தது.

சொத்தை விழுந்த நான்கு முன்பற்களுக்கும் ஒரு பல் டாக்டரிடம் கேப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை இட்லியே அவரை எதிர்த்தது. முன்னால் கேப்புகள் இடித்துக்கொண்டன. கடைவாய்ப் பற்களோ பர்மனென்ட்டும் காண்ட்ராக்ட்டும் போல ஒன்றையொன்று தொடாமல் நின்றன. “சம வேலைக்குச் சம சம்பளம்” என்று சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு சகரத்துக்கும் பல்லிடுக்கில் ஷிப்ட் சங்கு ஊதியது.

வெள்ளிக்கிழமை கேட் மீட்டிங். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மூன்று பேருக்காக அவர்தான் பேசியாக வேண்டும். டாக்டருக்குப் போன் போட்டார்.

“பழகிடும்” என்றார் டாக்டர்.

“பழகிடுமாம்! வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இதையேதான கேட்டுகினு இருக்கேன்!” சொம்பு சுவரில் மோதி உருண்டது.

மனைவி மலர்கொடி சொம்பை எடுத்து வைத்தாள். “பல்லு சேருதான்னு பாக்க நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, சரியா இருக்கான்னு அவரு கேட்டப்ப நீ இன்னா சொன்ன?”

“சரியா இருக்குங்க சார்னேன்.”

“ஊசி போட்டு வாயே மரத்துக் கெடந்துச்சே. எப்பிடித் தெரிஞ்சுது?”

“சார் கேட்டாரு… சொன்னேன்.”

இது வாயின் நோயல்ல. சுரங்க வாசலுக்கு உள்ளே பிடிக்கும் நோய். சூப்பர்வைசர் கேள்வியை முடிக்குமுன்பே “ஓகே சார்” என்றுவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வேலை இல்லை. வெளியே முழங்குகிற மனிதரின் நாக்குக்கும் அதே பயிற்சிதான்.

வியாழக்கிழமை டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபோதே சொல்லிவிட்டார்: “ஊசி வேணாங்க.” டாக்டர் கருவியால் கேப்புகளைத் தேய்த்து ராவினார்.

“இப்ப சரியா?”

நாக்கு தானாகவே எழும்பியது. அதைப் பிடித்து உட்கார வைத்தார். “இல்லைங்க.”

மறுபடி ராவினார். மறுபடியும் “இல்லைங்க.”

“இன்னும் எவ்ளோதான் ராவறது?” டாக்டருக்கு மூக்கு சிவந்தது.

“கடவாப் பல்லு சேர்ற வரைக்கும் ராவுங்க. கடிக்கப் போறது நான்.”

கடைவாய் சேர்ந்தது. பேச்சைச் சோதிக்க வேண்டுமே! இருந்த இடத்திலிருந்தே முழங்கினார்: “சம வேலைக்குச் சம சம்பளம்!”

“வழங்கிடு! வழங்கிடு!” என்று வெளியே காத்திருந்தவர்களில் யாரோ, வீங்கிய கன்னத்தோடு பதில் கோஷம் போட்டார்கள்.

விசில் இன்னும் இலேசாக இருந்தது. டாக்டர் “சரியா?” என்று கேட்கவில்லை, தானாகவே கருவியை எடுத்துப் பல்லின் பின்பக்கத்தை இழைத்தார்.

வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்த நேரத்தில் அதிகாரியின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்ன தெய்வசிகாமணி, எல்லாம் சரியா இருக்குல்ல?”

“இல்லைங்க சார்” என்றார் மைக்கிலேயே. சங்கு ஊதவில்லை. நிறுத்தப்பட்ட மூவரில் முதல் ஆளின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.