பதினொரு நொடிச் சிரிப்பு

என் கணினியில் ‘அக்கா சிரிப்பு’ என்ற பெயரில் ஓர் ஒலிக்கோப்பு இருக்கிறது. நீளம் பதினொரு நொடி. என் திருமணத்துக்கும் முந்தையது. ஆறு ஆண்டுகளாக அதைத் திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கேலி செய்கிறவள் நான். சீனர்கள் ஏழாம் மாதத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஆவிகளுக்குக் காகிதம் எரிப்பார்கள். அந்தப் புகைக்கு நடுவே ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டபடி போகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு சிரிப்புக்குப் பயந்து கிடந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது சிங்கப்பூரின் தேக்காவில், ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலித்தொகுப்பாளராக இருந்தேன். வெளியே பேருந்துச் சத்தமும் கடைப்பாட்டும் காதைப் பிளக்கும். பதிவறையின் கனத்த கதவைச் சாத்தினால் எல்லாம் அற்றுப்போய், நம் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்கும். அந்த அறையில் நின்றுதான் அக்கா குரல் கொடுப்பார். எங்கள் எல்லோருக்குமே அவர் அக்காதான். வானொலி நாடகங்களில் அவர் சிரிப்புக்கென்றே ஒரு கூட்டம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மணவிலக்காகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்டதே இல்லை.

அந்த ஆண்டு எங்களிடம் ஒரு காதல் நகைச்சுவைப் படம் வந்தது. தெம்பனிஸில் குடியிருக்கும் விவாகரத்தான பெண், அடிக்கடி பழுதாகும் மின்தூக்கி, அதைச் சரிசெய்ய வரும் விவாகரத்தான ஆண். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. நாயகிக்குத் தமிழ் தடுமாறும் என்பதால் அக்காவின் குரல். கடைசியில் நாயகன் மண்டியிட்டு நீட்டும் மோதிரம் மின்தூக்கியின் இடுக்கில் விழுந்துவிடும். நாயகி சிரிப்பாள், சிரித்துக்கொண்டே இருப்பாள். படத்தின் உயிரே அந்தச் சிரிப்புதான்.

அக்காவுக்கு அது வரவில்லை. பதினான்கு முறை எடுத்தோம். சத்தம் வந்தது, சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு நொடியில், யாரோ தோளைத் தொட்டதுபோல் சட்டென்று நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பின்னால் பஞ்சு ஒட்டிய சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. நானும் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் தவிப்பு படத்துக்காக மட்டும் இல்லை. கேலாங் சிவன் கோயிலில் பழக்கமான ஒருவர் அவரைத் திருமணத்துக்குக் கேட்டிருந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம், நூலகத்தில் வேலை, அவரும் மணவிலக்கானவர். பதிவு முடியும்வரை கீழே காப்பிக்கடையில் பாலில்லாத ஒரு கோப்பி-ஓவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா பேசினால் உம் கொட்டிக் கேட்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. “ம்ம்... பிறகு?” என்பார், நாளெல்லாம்.

“படம் முடியட்டும், சொல்றேன்னுருக்கேன்மா,” என்றார் அக்கா ஒருநாள். “ஒரு சிரிப்பு வரல பாரு. இப்படி ஒருத்தியக் கட்டிக்கிட்டு அந்த மனுஷன் என்ன செய்வாரு? இதுவும் வரலன்னா வேணாம்னு சொல்லிடப் போறேன் லா.”

இதற்குப் பிறகு நடந்த தவறு முழுக்க என்னுடையது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய வன்தட்டுகளைத் துழாவியபோது, முடியாமல் கைவிடப்பட்ட ஒரு நாடகத்தில் அக்கா சிரித்தது கிடைத்தது. பதினொரு நொடி. படத்தில் ஒட்டிப் பார்த்தேன். உதட்டசைவு, மூச்சு, தலையைச் சாய்க்கும் இடம், எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தின. அந்த நடிகை நடிக்கும்போதே இந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தாளோ என்று தோன்றி, குளிரூட்டியைக் குறைத்தேன்.

அக்காவிடம், “நீங்க சிரிச்சதுதான்கா, எல்லா டேக்கையும் வெட்டி ஒட்டினேன்,” என்று புளுகி ஹெட்ஃபோனை மாட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் வெளுத்தது.

“இதுல அவர் இருக்காருமா.”

“யாருக்கா?”

“முடியிற இடத்துல கேளு.”

ஒலியை முழுக்க ஏற்றிக் கேட்டேன். சிரிப்பு உச்சிக்குப் போய் அறுபடும் இடத்தில், மிக அருகில், ஓர் ஆணின் குரல். ‘ம்ம்.’ அவ்வளவுதான். ஐம்பது முறை கேட்ட கோப்பு அது. அதுவரை என் காதில் அது விழவே இல்லை.

“என் பழைய வீட்டுக்காரர். அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாரு. உள்ள, எனக்குப் பின்னாலதான் நின்னாரு,” என்றார் அக்கா. “நான் சத்தமா சிரிச்சா அவருக்குப் புடிக்காது. திட்ட மாட்டாரு, கை ஓங்க மாட்டாரு. ‘ம்ம்’ம்பாரு. நான் நிறுத்திருவேன். இப்ப அவர் வேற கல்யாணம் பண்ணி எங்கயோ நல்லாத்தான் இருக்காரு. ஆனா எனக்கு இன்னும் கேக்குதுமா. யார்கிட்ட போய்ச் சொல்ல?”

நான் மன்னிப்புக் கேட்டேன். எடுத்துவிடுவதாகச் சொன்னேன். வேறு சிரிப்பு இல்லாததால், “அந்தச் சத்தத்த மட்டும் வெட்டிடு,” என்றார். வெட்டினேன். மறுநாள் போட்டால் மறுபடி இருந்தது. பழைய கோப்பு ஏறியிருக்கும் என்று தேற்றிக்கொண்டு மறுபடி வெட்டினேன். மூன்றாம் முறையும் வெட்டினேன். அதன் பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை என்று எழுதிக்கொடுத்துப் படத்தை அனுப்பினேன்.

முதல் காட்சிக்கு மூவரும் போனோம். கடைசி வரிசை. அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நூலகக்காரர். மோதிரம் விழுந்தது. நாயகி சிரித்தாள், அரங்கமே சிரித்தது. அக்கா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி விறைத்திருந்தார். நான் நொடிகளை எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. எங்கள் தலைக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, ‘ம்ம்.’ அந்தப் பக்கத்து ஒலிபெருக்கிகளில் நான் எதையுமே வைக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அக்காவிடம், நூலகத்தில் சத்தம் போட்டவரை விசாரிக்கும் அதே அக்கறையோடு, “இப்ப ஆர் ‘ம்ம்’ எண்டது? பின்னால சுவரெல்லோ?” என்றார்.

அக்கா அவரையே பார்த்தார். நான்கு ஆண்டுகளாகத் தன் முதுகுக்குப் பின்னால் தனக்கு மட்டுமே கேட்டது இன்னொரு மனிதருக்கும் கேட்டுவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். திரையில் காட்சி மாறி, பெயர்கள் ஓடத் தொடங்கி, முன்வரிசையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. நடுவில் மூச்சு வாங்கி, “சொல்றேன், எல்லாம் சொல்றேன்,” என்றார். “ம்ம்... பிறகு?” என்றார் அவர். அந்த இரண்டு ‘ம்ம்’களுக்கும் இடையில் இருந்த தூரத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்போது அவர்கள் திருமணமாகிச் செங்காங்கில் இருக்கிறார்கள். போன சனிக்கிழமை மதியம் அக்கா அழைத்து, அந்தப் பழைய சிரிப்பை அனுப்பச் சொன்னார். அவர் கேட்க ஆசைப்படுகிறாராம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். பதினொரு நொடி. முடிவில் எதுவும் இல்லை, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நிம்மதியாக அக்காவை அழைத்தேன். அவர் தங்கள் புளோக் மின்தூக்கிக்குள் கணவர் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டதையும், பழுது பார்க்க வந்தவரிடம் உள்ளேயிருந்தபடியே “ம்ம், பிறகு?” என்று கதை கேட்டதையும் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எனக்குப் பின்னால், வீட்டுக் கூடத்திலிருந்து, “ம்ம்,” என்றார் என் கணவர். கோபமில்லை. அவர் கோபப்படுகிறவரே இல்லை. கைப்பேசியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், தலைகூட நிமிரவில்லை.

நான் நிறுத்திவிட்டேன். ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் நிறுத்துகிறேன் என்பது, திரையில் அந்தக் கோப்பு திறந்திருந்த அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மறுமுனையில் அக்காவும் கதையை நிறுத்தினார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்:

“யாரும்மா பின்னால?”